வலையமைப்புக் கேபிள் பதிக்கும் தொழிலைக் கற்கும் விதம்

ஓர் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ கல்லூரியிலோ நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளும் காமிராக்களும் தொலைபேசிகளும் ஒன்றோடொன்று தொடர்பு கொள்வதற்கு ஆதாரமாக, சுவருக்குள்ளும் மேற்கூரையின் மறைவிலும் ஓடிக்கொண்டிருக்கும் கேபிள்களை இழுத்து, முனை கட்டி, சோதித்து ஒப்படைக்கும் தொழிலானது, நம் நாட்டில் பெரும்பாலும் எலக்ட்ரீஷியன் வேலையின் ஓர் உபதொழிலாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது; அதனால் விளைந்த சங்கடங்களும் கொஞ்சநஞ்சமல்ல. மின்சார வயரிங்கில் பிழை நேர்ந்தால் விளக்கு எரியாது, அல்லது ஃபியூஸ் போய்விடும். வலையமைப்புக் கேபிளில் நேரும் பிழையோ அநேகமாக அன்றைக்கு வாயே திறப்பதில்லை. இணைப்பு கிடைத்துவிடும், பணம் கைமாறிவிடும், சில மாதங்கள் கழித்துக் காமிராவின் படம் விட்டுவிட்டு வரும்போதும், கணக்கர் அனுப்பும் கோப்பு நகராமல் நிற்கும்போதும், கணிப்பொறியைப் பழிப்பார்களே ஒழிய, சுவருக்குள் கிடக்கும் கேபிளை எவரும் சந்தேகிப்பதில்லை. ஆகையால் இத்தொழிலுக்கு வர விரும்பும் இளைஞரும் யுவதியும் ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தில் தெளிவு பெற வேண்டும்: இணைப்பு வந்துவிட்டது என்பதை வைத்து வேலை சரியாக முடிந்தது என்று இங்கே நிர்ணயிக்க முடியாது.

தொழிலில் பிரவேசிப்பதற்குப் பெரிய பட்டங்கள் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு அளவுக்குக் கணிதமும் விஞ்ஞானமும், ஆங்கிலத்தில் அச்சிட்ட குறியீடுகளையும் கட்டட வரைபடத்தையும் படித்தறியும் பழக்கமும் போதும். ஏணியில் நிற்கவும், குனிந்தும் படுத்தும் மேசைக்கடியில் வேலை பார்க்கவும் உடல் இடங்கொடுக்க வேண்டும். ஆனால் கண்ணைப் பற்றி மட்டும் தவிர்க்க முடியாத ஒரு நிபந்தனை உண்டு. இந்த வேலையில் கம்பியை அடையாளம் காட்டுவது நிறம் ஒன்றே. பச்சையும் பழுப்பும் ஆரஞ்சும் அடுத்தடுத்து வரும் மெல்லிய கம்பிகளை, மங்கிய வெளிச்சத்தில், கூரைக்கும் பலகைக்கும் இடையே தலையை நுழைத்தபடி பிரித்தறிய வேண்டியிருக்கும். நிறங்களைப் பகுத்தறிய இயலாத குறை ஆண்களிடையே அவ்வளவு அபூர்வமானதன்று. அதை உடையவர்களில் பலர் தம் குறையை அறியாமலேயே வளர்ந்துவிடுகிறார்கள். எனவே பயிற்சியில் சேருவதற்கு முன்பே கண் மருத்துவரிடம் நிறப் பரிசோதனை செய்துகொள்வது உத்தமம்.

பயிற்சி பெறும் இடத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு மாணாக்கருக்கு மிக அருகில் இருப்பது ஐ.டி.ஐ. என்று வழங்கும் தொழிற்பயிற்சி நிலையமே. வலையமைப்புக் கேபிளுக்கென்றே தனிப் பிரிவு அங்கே இல்லாவிட்டாலும், எலக்ட்ரீஷியன் பிரிவிலோ, தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சாதனப் பராமரிப்பு என்னும் பிரிவிலோ இரண்டு ஆண்டுகள் கற்றவருக்கு அஸ்திவாரம் பலமாக அமைந்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு வயர்மேன் பிரிவு இருக்கிறது. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு 1961-ஆம் ஆண்டின் அப்பரண்டீஸ் சட்டப்படி ஏதாவதொரு நிறுவனத்தில் ஓராண்டு தொழில் பழகுவது, இரண்டு மாத, மூன்று மாதத் தனியார் வகுப்புக்களைக் காட்டிலும் பன்மடங்கு மேலானது என்பது என் அபிப்பிராயம். குறுகிய கால வகுப்பில் நூறு பிளக் அடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் தொண்ணூறு மீட்டர் கேபிளை நான்கு தளங்களின் வழியே இழுக்கும்போது நேரும் தொல்லைகளைக் கட்டடந்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் கற்க வேண்டிய தத்துவம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற விதிகளெல்லாம் மனப்பாடம் செய்யாமலே விளங்கிவிடும். கேபிளின் மேலுறையை உரித்துப் பார்த்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு ஜோடிகளாக இருப்பது தெரியும். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லே, 1881-இல் இந்த முறுக்கு ஜோடிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் சமமும் எதிருமான சைகைகள் செல்கின்றன. பெறும் கருவி அவ்விரண்டின் வித்தியாசத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது. டியூப்லைட் சோக்கிலிருந்தோ பக்கத்து மின்கம்பியிலிருந்தோ வரும் இரைச்சல், கம்பிகள் மாறிமாறி முன்னும் பின்னுமாகப் புரள்வதால் இரண்டின் மீதும் ஒரே அளவாகப் படிந்து, வித்தியாசம் எடுக்கையில் கழிந்து போய்விடுகிறது. ஒரு ஜோடி அடுத்த ஜோடியோடு கலவாதிருப்பதற்காக, நான்கு ஜோடிகளையும் நான்கு வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கியிருப்பார்கள். ஆக, கேபிளின் உயிர் செம்பில் மாத்திரம் இல்லை; அந்த முறுக்கின் ஒழுங்கிலும் இருக்கிறது. முறுக்கைக் குலைக்கும் எந்தக் காரியமும் கேபிளைக் கெடுக்கும் காரியமே.

இனி வழக்கில் உள்ள அளவுகளைப் பாருங்கள். முனை கட்டும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கலாகாது. கேபிளின் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக அதை வளைக்கலாகாது; ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள கேட் 6 கேபிளானால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். இழுக்கும் விசை 110 நியூட்டனைத் தாண்டலாகாது. அதாவது சுமார் 11 கிலோ எடையைத் தூக்கும் பலத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. நைலான் டையை இறுக்கிக் கேபிளின் உறையை நசுக்கக் கூடாது. வெல்க்ரோ பட்டை கொண்டு தளர்வாகக் கட்ட வேண்டும். தனித்தனி விதிகளாகத் தோன்றும் இவையனைத்தும், உள்ளே இருக்கும் ஜோடிகளின் வடிவம் மாறாமல் காப்பதையே நோக்கமாகக் கொண்டவை.

கருவிகளில் முதலாவது, மேலுறையை மட்டும் கீறி உள்ளிருக்கும் கம்பியைத் தொடாத ஸ்டிரிப்பர். அடுத்தது கிரிம்பிங் டூல். மூன்றாவது, சுவரில் பொருத்தும் ஜாக்கிலும் பேட்ச் பேனலிலும் கம்பியை அழுத்திப் பதித்து மிச்சத்தை வெட்டிவிடும் பஞ்சிங் டூல். நம் தொழிலாளர் இதைக் க்ரோன் டூல் என்றே வழங்குகிறார்கள். இவற்றோடு நல்ல வெட்டுக்குறடு, விளக்கெரியும் சாதாரண லேன் டெஸ்டர், கட்டுக்கட்டாகக் கிடக்கும் கேபிள்களில் நமக்கு வேண்டியதை ஒலியால் கண்டுபிடிக்கும் டோனர் ஆகியவை இருந்தால் ஆரம்பத்துக்குப் போதுமானவை. மற்றவற்றில் சிக்கனம் பார்த்தாலும், கிரிம்பிங் டூலில் பார்க்க வேண்டாம். மலிவான கருவி எட்டு முட்களையும் ஒரே ஆழத்துக்கு அழுத்தாது. ஓரத்து முள் அரைகுறையாய் நின்று, தொட்டால் இணைப்பு வரும், விட்டால் போகும்.

முதல் அப்பியாசம் பிளக் அடிப்பது. உறையை ஓரங்குலம் உரித்து, ஜோடிகளைப் பிரித்து, கம்பிகளை நேராக்கி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் இடமிருந்து வலமாக நிறுத்த வேண்டும். பிளக்கின் கொக்கி கீழே இருக்குமாறு பிடித்துக்கொண்டு பார்க்கும் வரிசை இது. 568பி என்னும் இம்முறையே நம் நாட்டில் பெருவழக்கு. ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறினால் 568ஏ ஆகும். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை. ஒரு கட்டடம் முழுவதும் ஒன்றையே அனுசரிக்க வேண்டும் என்பதே முக்கியம். பிறகு, உரித்த பகுதி பதின்மூன்று மில்லிமீட்டருக்கு மிகாதபடி முனைகளை ஒரே வெட்டில் சமன் செய்து, பிளக்கினுள் செலுத்தி, எதிர்ப்பக்கத்தில் எட்டுச் செம்பு முனைகளும் பளிச்சென்று தெரிகின்றனவா என்றும், மேலுறை பிளக்கின் பிடிக்குள் நுழைந்திருக்கிறதா என்றும் பார்த்த பின்பே அழுத்த வேண்டும். உறை வெளியில் நின்றால், யாரேனும் கேபிளை இழுக்கும்போது அந்தப் பாரமெல்லாம் மெல்லிய கம்பிகளின் மேல் விழும். தயக்கம் தோன்றினால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்; ஒரு பிளக்கின் விலை அற்பம்.

இவ்வளவு பழகிய பிறகு, பிளக் அடிப்பதைக் கூடியவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் மாணாக்கர் வியப்படையலாம். சுவருக்குள் செல்லும் கேபிளில் கம்பி ஒற்றைச் செம்பாக இருக்கும். அடிக்கடி வளைத்தால் முறியும். ஆகையால் அதன் ஒரு முனையைச் சுவரில் உள்ள ஜாக்கிலும், மறுமுனையை ராக்கில் உள்ள பேட்ச் பேனலிலும் பதித்துவிட்டு, கணிப்பொறிக்கும் சுவிட்சுக்கும் செல்லும் அசையும் பகுதிக்கு, பல இழைகள் கொண்ட நெகிழ்வான பேட்ச் கார்டைத் தொழிற்சாலையில் செய்து வந்தபடியே வாங்கிப் போட வேண்டும். சுவரிலிருந்து நேராகத் தொங்கும் கேபிளின் நுனியில் பிளக் அடித்துக் கணிப்பொறியில் செருகிவிடுவது இங்கே சர்வ சாதாரணம். செலவு மிச்சம் என்று அதற்குச் சமாதானமும் சொல்வார்கள். வருஷத்துக்கு இருமுறை மேசையை இடம் மாற்றும் அலுவலகத்தில் அந்த மிச்சம் எத்தனை நாள் நிற்கும்?

இரண்டாவது அப்பியாசம் இழுப்பது. முதலில் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, ராக் எங்கே, பாயின்ட்கள் எங்கெங்கே என்று வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு வழியின் நீளத்தையும், ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து அளந்துகொள்ள வேண்டும். இரு முனைக்கும் இடையே 100 மீட்டர்தான் எல்லை. அதிலும் சுவருக்குள் நிலையாகக் கிடப்பது 90 மீட்டரைத் தாண்டலாகாது, மிச்சம் பேட்ச் கார்டுகளுக்கு. ஒரு பெட்டிக் கேபிள் 305 மீட்டர் இருக்கும். ஆகவே முழு நீள வழிகளானால் பெட்டிக்கு மூன்றுதான் தேறும். உறையின் மேல் அச்சிட்டிருக்கும் மீட்டர் எண்ணைப் படித்துப் பழகியவர், மீதி எவ்வளவு என்று பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடுவார். ஒரே திசையில் பல பாயின்ட்கள் இருந்தால், அத்தனை பெட்டிகளையும் வரிசையாக வைத்து, கேபிள்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே முறை இழுப்பது வழக்கம். இழுப்பதற்கு முன்பே ஒவ்வொரு நுனியிலும் அதன் பெட்டியிலும் ஒரே எண்ணை எழுதிவிட வேண்டும். வெட்டுகிற இடத்திலும் அந்த எண்ணை எழுதிய பின்பே வெட்ட வேண்டும். இச்சிறு ஒழுங்கைக் கைவிட்டவர்கள் மறுநாள் பூராவும் டோனரோடு அலைவதைப் பார்க்கலாம்.

குழாயில் நிரப்பும் கேபிள் அதன் உள்பரப்பில் பத்தில் நான்கு பங்குக்கு மேற்படாமல் இருப்பதும், இரண்டு நேர்கோண வளைவுகளுக்கு ஒருமுறை இழுபெட்டி வைப்பதும், கேபிளோடு ஒரு கயிற்றையும் இழுத்துப் பின்னால் வரப்போகிறவருக்காக விட்டுவைப்பதும் நல்ல பழக்கங்கள். மின்சார வயர் செல்லும் குழாயிலேயே வலையமைப்புக் கேபிளையும் நுழைத்துவிடச் சொல்லும் வீட்டுக்காரர்களும் மேஸ்திரிகளும் எங்கும் இருப்பார்கள். அவர்களிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக, மறுத்துவிட வேண்டும். இரைச்சலைப் பற்றிய கவலை இரண்டாம் பட்சம். காப்பு உரிந்த மின்கம்பி ஒன்று கேபிளைத் தொட்டால் அது உயிர் சம்பந்தமான விவகாரம். தளத்துக்குத் தளம் துளைத்த துவாரங்களைத் தீ தாங்கும் பூச்சினால் அடைக்காமல் விட்டால், தீ விபத்தின்போது புகை மேல்தளத்துக்கு ஏறும் பாதை நாம் வகுத்துக் கொடுத்ததாக இருக்கும். ஃபால்ஸ் சீலிங்கின் பலகை மனிதரைத் தாங்காது என்பதையும், அலுமினிய ஏணியை மின்வேலை நடக்கும் இடத்தில் நிறுத்தக் கூடாது என்பதையும் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பொருளை வாங்குவதிலும் கண் வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிள்கள் கேட் 6 என்ற பெயரோடு தாராளமாக விற்பனையாகின்றன. எந்தத் தர நிர்ணயமும் அவற்றை ஒப்புக்கொள்வதில்லை. பெட்டியைத் தூக்கினால் எடை குறைந்திருக்கும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். காமிராவுக்கும் வைஃபை கருவிக்கும் இப்போது மின்சாரமும் இதே கேபிள் வழியாகவே செல்கிறது, 2003-இல் 15.4 வாட்டாக இருந்த அளவு 2018-இன் நியமத்தில் 90 வாட் வரையில் உயர்ந்துவிட்டது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகமாகையால் அவ்வகைக் கேபிள் சூடேறும். கட்டாகக் கிடந்தால் இன்னும் அதிகமாகச் சூடேறும்.

மூன்றாவது அப்பியாசமான சோதனையில்தான் தொழிலாளியின் தரம் வெளிப்படுகிறது. எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தால் வேலை முடிந்ததென்று எண்ணுவது பரவலான பிரமை. அந்த டெஸ்டர், இந்த முனையின் முதற்கம்பி அந்த முனையின் முதற்கம்பியோடு சேர்ந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எந்தக் கம்பி எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நிற வரிசையைக் கவனியாமல், இரு முனையிலும் ஜோடி ஜோடியாக அடுக்கிப் பிளக் அடித்துவிட்டால், விளக்குகள் எட்டும் ஒழுங்காகவே எரியும். ஆனால் மூன்றாம் முள்ளும் ஆறாம் முள்ளும் ஒரே ஜோடியில் சேர வேண்டியவை, இருவேறு ஜோடிகளில் பிரிந்து கிடக்கும். இரண்டு வண்டிகளுக்குப் பழகிய மாடுகளை நுகம் மாற்றிக் கட்டியதைப் போன்ற நிலை அது. எண்ணிப் பார்த்தால் மாடு நான்கும் இருக்கும், வண்டி மட்டும் ஒழுங்காக நகராது. பிளவு ஜோடி எனத்தக்க இக்குற்றம், சில மீட்டர் நீளத்தில் ஒன்றும் செய்யாமல், நீண்ட வழியிலும் அதிக வேகத்திலும் தலைகாட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஜோடிகளுக்கிடையே உள்ள கலப்பை அளக்கும் கருவி வேண்டும். சான்றளிக்கும் டெஸ்டர் எனப்படும் அந்த உபகரணம், கேட் 5இ கேபிளை 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், கேட் 6-ஐ 250 வரையிலும், கேட் 6ஏ-ஐ 500 வரையிலும் சோதித்து, நீளம், சைகையின் தேய்வு, கலப்பு, எதிரொலி, தாமதம் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து தேறியது, தவறியது என்று அறிக்கை தருகிறது. தவறிய கேபிளைக் கண்டவுடன் மனம் தளராமல், அறிக்கை குற்றத்தை எத்தனையாவது மீட்டரில் காட்டுகிறது என்று பாருங்கள். அநேகமாக அது முனையிலேயே இருக்கும். முறுக்கை அதிகமாகப் பிரித்த ஜாக்கைத் திரும்பப் பதித்தால் தேறிவிடும். நடுவழியில் காட்டினால் எங்கோ மடங்கியோ நசுங்கியோ இருக்கிறது; அந்தக் கேபிளை மாற்றுவதே நியாயம். கருவி எதுவும் கைவசம் இல்லாதபோதுகூட ஒரு குறிப்பு உதவும்: ஆயிரம் மெகாபிட் வேகத்தில் சேர வேண்டிய கணிப்பொறி நூறில் சேர்ந்தால், முதலில் நீல, பழுப்பு ஜோடிகளைச் சந்தேகியுங்கள், நூறுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், ஆயிரத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும்.

செம்பில் கை தேர்ந்தபின் கண்ணாடி இழைக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டமும், சென்னையில் பெருகிவரும் தரவு மையங்களும் இழை வேலைக்குத் தேவையை உண்டாக்கியிருக்கின்றன. நிறவரிசையின் தொடக்கம் நமக்கு முன்பே பரிச்சயமானது: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, அதன்பின் சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, நீலப்பச்சை. நீண்ட தூரத்துக்கான இழையில் ஒளி செல்லும் மையம் ஒன்பது மைக்ரான்தான். அதைச் சுற்றிய கண்ணாடியோடு சேர்த்து 125 மைக்ரான். ஒரு தூசி போதும், பாதையை மறைக்க. ஆகவே இழையின் பூச்சை உரிப்பது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலினால் துடைப்பது, கிளீவரில் செங்குத்தாக முறிப்பது, ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் மின்பொறியால் உருக்கி ஒட்டுவது, பாதுகாப்புக் குழலைச் சூடேற்றிச் சுருக்குவது என்ற ஐந்து காரியங்களில், ஒட்டுவதை இயந்திரம் தானே செய்துவிடும். திறமை முழுவதும் துடைப்பதிலும் முறிப்பதிலுமே இருக்கிறது. பாதுகாப்புக் குழலை ஒட்டுவதற்கு முன்பே இழையில் கோத்துவிட மறக்கக் கூடாது. முறிந்த துணுக்குகளை எண்ணி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தோலில் ஏறினால் எடுப்பது கடினம், வயிற்றில் சென்றால் ஆபத்து, ஆதலால் வேலையிடத்தில் உண்பதும் கூடாது. இழையின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒளி வருகிறதா என்று பார்ப்பது மகா மடமை; அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்தைச் சேர்ந்தது, விழித்திரையை மட்டும் சுட்டுவிடும்.

சான்றிதழ்களில், இழை ஒட்டும் வேலைக்குத் தொலைத்தொடர்புத் துறைத் திறன் குழுவின் தேர்வு உள்நாட்டில் மதிக்கப்படுகிறது. வெளிநாடு செல்ல எண்ணுகிறவர்களும் பெரிய தரவு மையங்களில் சேர விரும்புகிறவர்களும், 1977-இல் அமெரிக்காவில் தோன்றிய பிக்ஸி என்னும் சங்கத்தின் இன்ஸ்டாலர் தேர்வுகளைக் கவனிக்கலாம். அடிப்படை நிலைக்குப் பின் செம்புக்கும் இழைக்கும் தனித்தனித் தேர்வுகளும், அவற்றுக்கு மேல் டெக்னீஷியன் தேர்வும் உண்டு. கட்டணம் சற்று அதிகம். இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, சம்பளத்திலிருந்தோ முதலாளியின் செலவிலோ எழுதுவதே விவேகம்.

சொந்தமாக வேலை எடுக்கும் காலம் வந்தால், நம் ஊரில் பாயின்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுவதே வழக்கமாயினும், எஸ்டிமேட்டில் கேபிளின் தரமும், குழாயும், ஜாக்கும், பேட்ச் கார்டும், லேபிளும் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். சான்றளிக்கும் சோதனைக்கும் ஒரு தனி வரி இடுங்கள். அந்த வரியை அடித்துவிடச் சொல்லும் வாடிக்கைக்காரரிடம், அடித்ததாக எழுத்தில் ஒரு வார்த்தை வாங்கி வைத்துக்கொள்வது பிற்பாடு இருவருக்கும் மனஸ்தாபம் வராமல் தடுக்கும். அக்கருவியின் விலை சில லட்சங்கள் ஆகுமாதலால் முதலில் வாடகைக்கு எடுப்பதே முறை. எடுக்கும்போது, ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய அளவுச் சீரமைப்பு முடிந்து அதன் சான்றின் தேதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்து, அந்தச் சான்றின் பிரதி ஒன்றையும் சோதனை அறிக்கைகளோடு இணைத்து ஒப்படைத்துவிடுங்கள்.